வயிற்றில் வெட்டினால் தொண்டை ஏன் நோகிறது? மூச்சில் இழுக்கும் மருந்துகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

“வயித்தில எல்லோ வெட்டினவை, பிறகேன் மிஸ்ஸி தொண்டை இப்பிடி நோகுது?”

ஒப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற அறையில் தாதியாக வேலை செய்த வருடங்களில் நான் ஆகக் கூடுதலாகக் கேட்ட கேள்வி இதுதான். பித்தப்பை எடுத்தவர்கள் கேட்டார்கள், குடலிறக்கம் தைத்தவர்கள் கேட்டார்கள். மோட்டார் சைக்கிளால் விழுந்து முன்னங்கையில் தகடு வைத்த ஒரு பெடியன், “கையைத் திருத்தத்தானே வந்தனான், தொண்டையை ஏன் கிண்டினனீங்கள்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்க்க வருகிற வீட்டார் தங்கள் பாட்டில் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். வோர்ட்டில் ஃபேன் காற்றுக் கூடிப்போச்சு, பச்சைத் தண்ணி குடிச்சிட்டார், பக்கத்துக் கட்டில்காரருக்குத் தடிமன்.

இந்தக் கேள்விக்கு நானும் கனகாலம் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். “அது எல்லாருக்கும் வாறதுதான், ரெண்டு நாளில மாறிடும்.” பொய்யில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மாறித்தான் போகிறது. ஆனால் வந்த நோ மாறுவது வேறு, வரமுதலே அதைக் குறைக்க வழி பார்ப்பது வேறு. ஒப்பரேஷனுக்குச் சற்று முன் நோயாளி மூச்சோடு இழுத்துக்கொள்கிற சில மருந்துகள் இந்தத் தொண்டை நோவை நன்றாகக் குறைக்கின்றன. அது எப்படி என்று விளங்க, நோ எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நித்திரையில் நடப்பது

முழு மயக்கம் கொடுத்துத் தசைகளைத் தளர்த்தினால் உடம்பு தானாக மூச்சு விடாது. மெஷின்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். அதற்காகச் சுண்டுவிரல் பருமனில் வளைந்த பிளாஸ்ரிக் ரியூப் ஒன்றை வாயால் விட்டு, குரல்நாண்கள் இரண்டுக்கும் நடுவால் மூச்சுக்குழாய்க்குள் இறக்குவார்கள். நாக்கை ஒதுக்கி வழி பார்க்க, வெளிச்சம் பூட்டிய வளைந்த அலகு ஒன்றைத் தொண்டைக்குள் வைப்பார்கள். கண்ணை மூடின பிறகு போட்டு, கண் முழிக்கிற நேரத்தில் எடுத்துவிடுவதால் நோயாளிக்கு இது ஒன்றும் தெரியாது. அந்தப் பெடியனின் கோபத்துக்கும் காரணம் இதுதான். அவன் அறியாமல் அவனுடைய தொண்டைக்குள் ஏதோ நடந்திருக்கிறது, ஒருவரும் அவனுக்கு முதலே சொல்லவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தால் ரியூப் தேவைப்படாது. சிசேரியன் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் அந்தத் தாய்மாருக்கு இந்த நோ வருவதில்லை.

ரியூப்பின் கீழ்நுனிக்குச் சற்று மேலே ஒரு சின்னப் பலூன் சுற்றியிருக்கும். கஃப் என்பார்கள். ரியூப் உள்ளே போனதும் அதற்குக் காற்று அடிப்பார்கள். அது ஊதி மூச்சுக்குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெஷின் தருகிற காற்று பக்கத்தால் ஒழுகாது, வயிற்றிலிருந்து மேலே வருகிற புளித்த தண்ணி நுரையீரலுக்குள் இறங்காது. இந்தப் பலூனைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆதர் கியூடெல் என்ற அமெரிக்க டொக்டர். 1920களின் பிற்பகுதியில் அவர் தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, பலூன் வைத்த ரியூப்பைப் போட்டு, தண்ணித் தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்துக் காட்டினார். நாய் தண்ணிக்குள் கிடந்தபடி ரியூப்பால் மூச்சு விட்டது. மயக்கம் தெளிந்ததும் எழும்பி உடம்பை உதறிக்கொண்டதாம். அந்த நாயின் பெயர் எயார்வே. உயிர் காக்கிற வேலையை அந்தப் பலூன் எவ்வளவு இறுக்கமாகச் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அந்த இறுக்கத்தில்தான் நோவின் பாதிக் கதையும் இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்தோல் ஈரமானது, மிக மெல்லியது. அதற்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் மயிரிலும் நுண்ணியவை. பலூன் கூட அமத்தினால் அவை நசிந்துபோகும். 1984 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கண்ணால் பார்த்துக் காட்டியது. பலூனின் அழுத்தம் 30 சென்ரிமீற்றர் நீருக்கு மேலே போகப்போக அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறைகிறது. 50ஐத் தொட்டால், குருத்தெலும்பு வளையங்களை மூடியிருக்கிற தோலில் இரத்த ஓட்டம் அடியோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் 20க்கும் 30க்கும் இடையில் வைக்கச் சொல்கிறார்கள்.

சென்ரிமீற்றர் நீர் என்பது பெரிய விஷயமில்லை. கிணற்றடியில் நிரம்பியிருக்கிற வாளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். தண்ணியின் ஆழம் 25 சென்ரிமீற்றர் என்றால், வாளியின் அடியில் அந்தத் தண்ணி அமத்துகிற அழுத்தம் 25 சென்ரிமீற்றர் நீர். சைக்கிள் ரியூப்பில் இருக்கிற காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டிய பலூன் அது. சிரிஞ்சால் கொஞ்சம் கூடுதலாக அமத்தினாலே எல்லை தாண்டிவிடும். வெளியே தொங்குகிற சின்னக் குமிழை விரலால் நெரித்துப் பார்த்து, “சரி, காணும்” என்று சொல்வது பழைய பழக்கம். பல வருட அனுபவம் உள்ளவர்களின் விரலும் இதில் பிழைவிடும். அளக்கிறதுக்கு என்றே ஒரு மானி இருக்கிறது. மயக்கத்துக்கு நைட்ரஸ் ஒக்சைட் பாவித்தால் அந்த வாயு மெல்ல மெல்லப் பலூனுக்குள் ஊறி அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை அளந்ததோடு விடவும் கூடாது.

அலகு உரசியது, ரியூப் குரல்நாணில் பட்டது, வாயில் சேர்ந்த எச்சிலை உறிஞ்சி எடுத்தது, வறண்ட வாயு மணிக்கணக்காகப் போய்வந்தது, ரியூப்பை எடுக்கிற நேரத்தில் இருமியது எல்லாம் சேர்ந்து மற்றப் பாதி. விழுந்தெழும்பின பிள்ளையின் முழங்காலில் வருகிற சிராய்ப்பு மாதிரி ஒன்று தொண்டைக்குள் வருகிறது. சிராய்த்த இடம் சிவந்து வீங்கும், தொட்டால் எரியும். எச்சிலை விழுங்குவதே அந்த இடத்தைத் தொடுவதுதான்.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. சிலவற்றில் ரியூப் போட்ட 100 பேரில் 60 பேருக்கு மேல். பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. ரியூப் பெரிதென்றால், ஒப்பரேஷன் நீண்டால், கழுத்தில் வேலை நடந்தால் இன்னும் கூடும். நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் போடுகிற இரட்டைக் குழல் ரியூப் தடிப்பானது என்பதால் அதில் வருகிற நோவும் கடுமையானது.

உப்பளமும் கடற்கரையும்

சரி, சிராய்ப்பு வரப்போகிற இடத்துக்கு முதலே மருந்து போய்ச் சேர வேண்டும். எந்த வழியால்?

குளிசை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி வர வேண்டும். ஒரு சாண் நீளமும் இல்லாத இடத்துக்காக உடம்பு முழுக்க மருந்து ஏற வேண்டியிருக்கிறது. கொப்பளிக்கிற மருந்து தொண்டையின் மேற்பகுதியை மட்டும் நனைக்கும். குரல்நாணுக்குக் கீழே அது போகாது, போனால் புரைக்கேறும். பலூன் அமத்துகிற இடமோ அதற்கும் கீழே. அந்த ஆழம்வரை நேரே போகிற பாதை மூச்சு ஒன்றுதான்.

இதைச் சொன்னால் எங்களூரில் அடுத்த கேள்வி உடனே வரும்: “அப்ப வேது பிடிச்சால் காணும்தானே?” நொச்சியிலையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் தலையை நுழைத்து வேது பிடிக்கிற சுகம் எனக்கும் தெரியும். நொச்சியின் வாசனை எண்ணெய் ஆவியாகிற சாதி, அதனால் மூக்கில் ஏறுகிறது. எல்லா மருந்தும் அப்படி ஏறாது. ஆனையிறவு உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல்தண்ணியைக் கட்டி வெயிலில் விட்டால் தண்ணி ஆவியாகிப் போய்விடும், உப்பு வெள்ளையாகக் கீழே படிந்து கிடக்கும். ஆவியோடு உப்பும் எழும்பிப் போவதென்றால் அங்கே அள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நாம் கொடுக்கப்போகிற மருந்துகளில் முக்கியமான ஒன்று, மக்னீசியம் சல்பேற், அதுவும் ஓர் உப்புத்தான். சட்டியில் கரைத்துக் கொதிக்கவைத்தால் சட்டியின் அடியில்தான் கிடக்கும்.

இனிப் பருத்தித்துறைக் கரைக்கு வாருங்கள். வாடைக்காற்று வீசுகிற மார்கழியில் அலை கல்லில் அடித்துச் சிதறும்போது, கரையிலிருந்து நல்லாய்த் தள்ளி நின்றாலும் உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். கரையோர வீடுகளின் யன்னல் கம்பி துருப்பிடிப்பதும் இதனால்தான். இங்கே தண்ணி ஆவியாகவில்லை. தண்ணியே பொடிப்பொடியாக உடைந்து, தன்னில் கரைந்த உப்பையும் காவிக்கொண்டு காற்றில் மிதக்கிறது.

நெபுலைசர் செய்வது இரண்டாவது வேலை. சின்னக் கோப்பை ஒன்றில் நாலைந்து மில்லிலீற்றர் மருந்துத் தண்ணி இருக்கும். கீழிருந்து ஒக்சிஜனோ காற்றோ மெல்லிய துவாரத்தால் வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் தண்ணி மேலே இழுபட்டு, உடைந்து, புகைபோன்ற தூவலாகி முகமூடிக்குள் வரும். தொய்வுக்கு, அதாவது ஆஸ்மாவுக்கு, ஆஸ்பத்திரியில் பிடிக்கிறதும் இதே சாமான்தான். ஆகவே நம் மக்களுக்கு இது புதியதில்லை, புதியது அதற்குள் ஊற்றுகிற மருந்தும் அதற்கான காரணமும்.

தூவலின் அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரோன். 1 முதல் 5 மைக்ரோன் வரையான துளிகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். 10 மைக்ரோனுக்கு மேற்பட்டவை வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடும். தொய்வுக்காரருக்கு மருந்து அடியில் போய்ச் சேர வேண்டும் என்பதால் தொண்டையில் படிகிறது வீண். அதனால்தான் பம்ப் பாவிக்கிறவர்களிடம், “அடிச்ச பிறகு வாயைக் கொப்பளியுங்கோ” என்று சொல்கிறோம். தொண்டை நோவுக்கு இது தலைகீழ். தொய்வில் வீணாகிற அந்தப் படிவுதான் இங்கே நமக்கு வேண்டியது. பெரிய துளி தொண்டையில், நடுத்தரமானது குரல்நாணிலும் மூச்சுக்குழாயிலும் என்று, ரியூப் உரசப்போகிற பாதை முழுக்க மருந்து பூசுப்படுகிறது.

என்ன மருந்து, என்ன வேலை

மக்னீசியம் சல்பேற்றைப் பிள்ளைப்பேற்று வோர்ட்டில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கர்ப்ப காலத்தில் பிரசர் ஏறி வலிப்பு வராமல் தடுக்க அதைத்தான் ஊசியாக ஏற்றுகிறார்கள். கீட்டமின் 1962 இல் உருவாக்கப்பட்டு, 1970 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து. ஒன்று உப்பு, மற்றது மயக்க மருந்து. ஆனால் இரண்டும் போய் நிற்கிற கதவு ஒன்று. நரம்புகளில் நோவுச் செய்தி கடக்கிற ஒரு வாசல் இருக்கிறது, என்எம்டிஏ ஏற்பி என்பார்கள். மக்னீசியம் அந்த வாசலில் அடைப்பாக உட்காரும், கீட்டமின் திறந்த வாசலுக்குள் நுழைந்து வழியை மறிக்கும். இதே வாசல்கள் மூச்சுப்பாதையின் நரம்புகளிலும் இருப்பதால், மருந்தை மூளைவரை அனுப்பாமல் அந்த இடத்திலேயே வேலை வாங்கலாம். இரண்டுக்கும் அழற்சியைத் தணிக்கிற குணமும் உண்டு. கீட்டமினை நெபுலைசரில் கொடுத்த ஆய்வுகள் பலவற்றில் 50 மில்லிகிராம் பாவித்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஸ்ரெரொயிட் வகை. தொய்வுக்காரர்களுக்குப் பழக்கமான புடெசொனைட், ஃபுளூட்டிகசோன் போன்றவை. இவை வீக்கத்தை உண்டாக்குகிற இரசாயனங்களை உடம்பு சுரக்கவிடாமல் தடுக்கின்றன. அதற்குச் சில மணி நேரம் எடுக்கும். நோ வந்த பிறகு கொடுப்பதைவிட ரியூப் போடமுதல் கொடுப்பது புத்தியாவது இதனால்தான். பம்பாலும் கொடுக்கலாம், நெபுலைசராலும் கொடுக்கலாம்.

விறைக்கச் செய்கிற லிக்னோகெயினைத் தொண்டையில் ஸ்ப்ரே அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஸ்ப்ரே அடித்தவர்களுக்கு நோ குறைந்ததாகத் திடமாகக் காட்ட முடியவில்லை. சில ஆய்வுகளில் கூடியும் இருக்கிறது. மருந்தோடு சேர்க்கிற மற்றச் சரக்குகள் உள்தோலை எரிக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஒரே இடம், ஒரே நோக்கம், ஆனாலும் எல்லா மருந்தும் ஒன்றில்லை.

ஒருமுறை, பண்ணிசை படிப்பித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் பித்தப்பை ஒப்பரேஷனுக்கு வந்தார். வெட்டுக்காயத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. “அது ஆறிடும் பிள்ளை. என்ர குரலுக்கு ஒண்டும் வராதோ?” என்று என் கையைப் பிடித்தபடி கேட்டார். கந்தசஷ்டிக்குக் கோயிலில் பாட வேண்டுமாம், ஐந்து கிழமைதான் இருந்தது. மயக்க மருந்து டொக்டர் கேட்டுவிட்டு, மக்னீசியம் நெபுலைஸ் பண்ணச் சொல்லி எழுதினார்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகமூடியை மூக்கோடு சேர்த்துக் கட்டினேன். ஸ்... என்று காற்றுச் சத்தம் எழும்பியது, வெண்புகை கண்ணாடிக்குக் கீழால் கசிந்தது. முதல் மூச்சிலேயே முகம் சுளித்தார். “கைப்பும் உப்புமாய் இருக்கு.” கதைக்க வேண்டாம், வாயால் ஆறுதலாக இழுங்கோ, இழுத்து ஒரு கணம் வைத்திருந்து விடுங்கோ என்றேன். பாடத் தெரிந்தவருக்கு மூச்சை அடக்கி விடுவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆலாபனைக்கு இழுக்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து இழுத்தார். பத்து நிமிடம் தாண்டியதும் கோப்பை துப்பத் தொடங்கியது. விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன், சுவரில் ஒட்டியிருந்த துளிகள் இறங்கின, இன்னும் கொஞ்சம் புகை வந்தது. பிறகு தியேட்டருக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை கேட்டபோது, “கொஞ்சம் கரகரக்குது, நோவெண்டு சொல்ல ஒண்டுமில்லை” என்றார். ஒருவரை வைத்து மருந்து வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது. மருந்து இல்லாமலே நோ வராதவர்களும் நிறையப் பேர். அதற்காகத்தான் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் நெபுலைசரில் கொடுத்து, யாருக்கு எது என்று கேட்கிறவருக்கும் தெரியாமல் வைத்து ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிட்டதில் மேலே சொன்ன மூன்று வகையும் உப்புநீரைவிட நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றோடொன்றை மோதவிட்டால் எது முதலிடம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், மருந்தின் அளவும் கொடுத்த நேரமும் ஆளுக்காள் வேறு. அதனால் இது எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாருக்கும் செய்கிற வழக்கமாக இன்னும் வரவில்லை. டொக்டர் ஆளைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம்.

அதிமதுரம்

மூச்சில் இழுக்கிறதில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தொண்டை கட்டினால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கச் சொல்லும் அம்மம்மாக்கள் எங்களுக்கு இருந்தார்கள். 2009 இல் இந்தியாவில் அதிமதுரத் தண்ணியால் கொப்பளிக்கவைத்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. பிறகு 2013 இல் வியன்னாவில், இரட்டைக் குழல் ரியூப் போடுகிற 230க்கு மேற்பட்ட நெஞ்சு ஒப்பரேஷன் நோயாளிகளை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அரைக் கிராம் அதிமதுரம் கரைத்த தண்ணி, பாதிப் பேருக்குச் சீனித்தண்ணி. இரண்டும் இனிக்கும் என்பதால் எது எதென்று நாக்குக்கும் பிடிபடாது. மயக்கம் கொடுக்கச் சற்று முன் கொப்பளித்துத் துப்பினார்கள். அதிமதுரக்காரருக்கு நோவும் குறைவு, ரியூப் எடுத்த பிறகு வருகிற இருமலும் குறைவு.

நாட்டு மருந்துக் கடைக்கு ஓடமுதல் ஒரு சொல். இது கொப்பளித்துத் துப்புகிற சங்கதி. அதிமதுரத்தை நாளாந்தம் கூடுதலாக விழுங்கினால் பிரசர் ஏறும், இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். ஒப்பரேஷன் அன்று காலை வார்டில் சொல்லாமல் எதையும் வாயில் போடவும் கூடாது. சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், வெறும் தண்ணிக்கு 2 மணித்தியாலம் என்று வயிற்றை வெறுமையாக வைக்கச் சொல்வது உயிரைப் பற்றிய விஷயம்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. இப்போது பல வீடுகளில் தொய்வுக்காக நெபுலைசர் மெஷின் இருக்கிறது. மக்னீசியம் சல்பேற்றும் பேதியுப்பும் ஒரே இரசாயனம் என்று வாசித்துவிட்டு, கடையில் வாங்கிய பேதியுப்பைக் கரைத்து மெஷினில் ஊற்றாதீர்கள். மூச்சில் போகிற மருந்து கிருமி நீக்கியதாக, அளந்ததாக, நுரையீரலைச் சுருக்காத பதத்தில் இருக்க வேண்டும். பாத்திரத்தில் கரைத்த உப்பு இதில் எதுவுமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், தசை சோர்ந்துபோகிற மயஸ்தீனியா நோய் உள்ளவர்களுக்கும் மக்னீசியமே கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்து. கீட்டமின் தலைசுற்றச் செய்யலாம், தியேட்டரில் நாடித்துடிப்பையும் ஒக்சிஜனையும் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், மருந்து இரண்டாவது. பொருத்தமான சிறிய ரியூப், பதமான கை, பலூனின் அழுத்தத்தை மானியால் அளக்கிற பழக்கம், இவைதான் முதலாவது. பலூன் 60இல் நின்று அமத்திக்கொண்டிருக்க, மேலால் எந்தப் புகையைப் பிடித்தும் பிரயோசனம் இல்லை. சில ஒப்பரேஷன்களுக்கு, குரல்வளைக்கு மேலேயே உட்காருகிற மாஸ்க் வகைச் சாதனம் போதும். அதில் தொண்டை நோ குறைவு. எல்லாருக்கும் அது பொருந்தாது, எப்போது பொருந்தும் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது கேட்பது

ஒப்பரேஷனுக்கு முதல்நாள், அல்லது அன்று காலை, மயக்க மருந்து டொக்டர் கட்டிலடிக்கு வந்து பல்லைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார், கழுத்தை நிமிர்த்தச் சொல்வார். கேட்க வேண்டிய நேரம் அதுதான். முன்பு மயக்கம் தந்தபோது தொண்டை கடுமையாக நொந்திருந்தால், குரல்தான் உங்கள் தொழில் என்றால், தொய்வு, சிறுநீரக வருத்தம், ஏதும் அலர்ஜி இருந்தால் சொல்லுங்கள். “எனக்கு ரியூப் போடுவீங்களோ? தொண்டை நோவைக் குறைக்க முன்னுக்கு ஏதும் மருந்து தரலாமோ?” என்று கேளுங்கள். இங்கிலீசுச் சொல் தெரியாதே என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் செய்து காட்டிய மண் இது. சத்திரசிகிச்சையைத் தமிழில் எழுதிப் படிப்பித்த ஊரில், தொண்டை நோவைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம்.

பிறகும் நோ வந்தால்? குடிக்கலாம் என்று சொன்னதும் தண்ணியை மிடறு மிடறாகக் குடியுங்கள். ஆறின கஞ்சி, இளஞ்சூட்டுப் பிளேன் ரீ நல்லது. உறைப்புக் கறியை இரண்டு நாளைக்குத் தள்ளிவையுங்கள், வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தாலும். இளஞ்சூட்டு உப்புத்தண்ணியால் கொப்பளிக்கலாம். ஒப்பரேஷன் நோவுக்குத் தருகிற பனடோல் தொண்டைக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது, அதற்கென்று தனியாக இன்னொன்று போட்டுக்கொள்ளாதீர்கள். காய்ச்சலில்லாத இந்த நோவுக்கு அன்டிபயோட்டிக் கேட்டு வாங்கவும் தேவையில்லை.

மூச்செடுக்கக் கஷ்டம், மூச்சிழுக்கும்போது கீச்சென்ற சத்தம், எச்சிலையே விழுங்க முடியாமை, கழுத்து வீங்கித் தொட்டால் தோலுக்கடியில் நெறுநெறுவென்றிருப்பது, இரத்தமாகத் துப்புவது, காய்ச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே தாதியிடமோ டொக்டரிடமோ சொல்ல வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகென்றால் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோ மாறியும் குரல் மட்டும் இரண்டு கிழமைக்கு மேல் அடைத்தபடியே இருந்தால் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். தைரொயிட் ஒப்பரேஷன் செய்தவர்கள் குரல் மாறியிருந்தால் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள்.